மிச்ச எழுபதைக் கேள்!

ஹெல்மெட் உருண்டு ஓயவில்லை. அதற்குள் சந்தியில் தீர்ப்பு வந்துவிடுகிறது.

"பெடியன் பறந்துகொண்டெல்லோ வந்தவன். அவன்ர பிழைதான்!"

சொன்னவர் யார்? தேத்தண்ணிக் கடை வாசலில் நின்றவர். மோதலைக் கண்டாரா? இல்லை. சத்தம் கேட்டுத்தான் திரும்பியே பார்த்தார்!

ஆனாலும் நீ நம்பிவிட்டாய்.

பெரியாஸ்பத்திரிக் கட்டிலில் கால் கட்டோடு கிடந்தபோதே நம்பிவிட்டாய். பார்க்க வந்த மாமா அதையே சொன்னார். மச்சான் சொன்னான். பக்கத்துக் கட்டில்காரரும் சொன்னார். நீயும் தலையாட்டினாய்.

"ஓம், நானும் கொஞ்சம் வேகமாத்தான் வந்தனான்."

கொஞ்சம் என்றால் எவ்வளவு? பத்து வீதமா? முப்பதா? மிச்சம் யாருடைய கணக்கு?

ஒழுங்கைக்குள் இருந்து சிக்னல் போடாமல் பிரதான வீதிக்கு ஏறிய ஹயஸ் யாருடைய கணக்கு? முடக்கில் முந்திக்கொண்டு வந்த டிப்பர் யாருடைய கணக்கு? பின்லைற் இல்லாமல் இருட்டில் நின்ற லான்ட்மாஸ்டர் யாருடைய கணக்கு?

நீ கேட்கவில்லை. முழுப் பிழையையும் உன் தலையில் ஏற்றிக்கொண்டு மாதக்கணக்காக நொண்டித் திரிகிறாய்!

போதும். இறக்கி வை.

உன்னைவிடக் கடுமையாகத்தான் ஒரு காலத்தில் சட்டமும் பேசியது. கேள்.

1809. இங்கிலாந்தின் டார்பி நகரம். ஒருவர் தன் வீட்டைத் திருத்துவதற்காகத் தெருவுக்குக் குறுக்கே ஒரு கம்பத்தைப் போட்டுவைத்தார். ஆகஸ்ட் மாதத்து மைம்மல் பொழுது. குதிரையில் வேகமாக வந்த இன்னொருவர் அதில் மோதி விழுந்தார்.

வழக்குப் போட்டார். பட்டர்ஃபீல்ட் எதிர் ஃபொரெஸ்டர். தோற்றார்!

கம்பம் போட்டவனில் பிழை இருக்கலாம். ஆனால் நீ கவனமாக வந்திருந்தால் கம்பத்தைக் கண்டிருப்பாய். போ. ஒரு சதமும் கிடையாது!

உன் பக்கத்தில் துளி பிழை இருந்தாலும் எல்லாம் போச்சு. முழுவதும், இல்லாவிட்டால் சூனியம். அதுதான் அன்றைய நீதி.

1842 இல் ஒரு கழுதை வந்தது. மன்னார்க் கழுதை இல்லை, அதுவும் இங்கிலாந்துக் கழுதைதான்! முன்னங்கால்களைப் பிணைத்து வீதியோரம் மேயவிட்டிருந்தார்கள். வேகமாக வந்த வண்டி அதன்மேல் ஏறிவிட்டது.

கழுதையை வீதியில் விட்டவன் பிழையா? பார்க்காமல் ஓட்டியவன் பிழையா? மோதலைத் தவிர்க்கக் கடைசி வாய்ப்பு யாருக்கு இருந்ததோ அவனே பொறுப்பு என்ற கொள்கை அந்த வழக்கிலிருந்துதான் வளர்ந்தது. கழுதைக்காரர் வென்றார்.

வென்றவர் மாறினார், கணக்கு மாறவில்லை. அப்போதும் ஒருவருக்கு முழுவதும், மற்றவருக்குச் சூனியம்.

பிரித்தானியா 1945 இல் அந்தக் கணக்கைக் கிழித்தது. தென்னாபிரிக்கா 1956 இல் கிழித்தது. இலங்கை 1968 இல் கிழித்தது. அந்த ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டம், பங்களிப்புக் கவனயீனம் பற்றியது.

அது சொல்வது இதுதான். உன்னிலும் பிழை இருக்கிறது என்பதற்காக உன் வழக்கு சாகாது. நீதிமன்றம் இரண்டு பக்கத்துப் பிழையையும் அளக்கும். உன் பங்கைக் கழிக்கும். மிச்சத்தை உனக்குத் தரும்!

கணக்குப் போட்டுப் பார். உனக்கு வந்த நட்டம் பத்து இலட்சம் என்று வை. முப்பது வீதம் உன் பிழை என்று நீதிபதி காண்கிறார். மூன்று இலட்சம் போகும். ஏழு இலட்சம் உன்னுடையது!

அந்த ஏழு இலட்சத்தை யாருக்குத் தானம் செய்தாய்? உன்னை இடித்தவனின் காப்புறுதிக் கம்பனிக்கா?

"ஹெல்மெட் போடேல்லை. என்ன முகத்தோட போய்க் கேக்கிறது?"

உன்ர முகத்தோடுதான்!

1975 இல் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் இதே கேள்வி வந்தது. ஃபுரூம் எதிர் புச்சர். கார் ஓட்டியவர் ஆசனப் பட்டி போடவில்லை. எதிரே வந்தவன் இடித்தான். பட்டி போட்டிருந்தால் காயமே வந்திருக்காது என்றால் 25 வீதம் கழி, காயம் குறைந்திருக்கும் என்றால் 15 வீதம் கழி என்று டெனிங் பிரபு ஒரு அளவு சொன்னார்.

கழி என்றார். துரத்து என்று சொல்லவில்லை!

பட்டி போடாதவனின் பிழை காயத்தைக் கூட்டியது. மோதலை உண்டாக்கியது இடித்தவனின் பிழை. இரண்டும் ஒன்றல்ல. இங்கிலாந்துத் தீர்ப்பு எங்கள் நீதிபதியைக் கட்டாது. ஆனால் நியாயம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று உனக்கு விளங்கவில்லையா?

இன்னொன்று உன்னைத் தின்கிறது. எனக்குத் தெரியும்.

"கடைசி நேரத்தில ஹாண்டிலை வலப்பக்கம் திருப்பிப்போட்டன். இடப்பக்கம் வெட்டியிருந்தா ஒண்டும் நடந்திராது."

எத்தனை இரவு இதை ஓட்டிப் பார்த்தாய்? ஒவ்வொரு இரவும் அந்த ஒரு கணத்தை மெதுவாக்கி, நிறுத்தி, திருப்பி ஓட்டி, உன்னை நீயே குற்றவாளிக் கூண்டில் ஏற்றவில்லையா?

1878 செப்டெம்பர் 3. தேம்ஸ் நதியில் பிரின்சஸ் அலிஸ் என்ற உல்லாசப் பயணக் கப்பலும் பைவெல் காசில் என்ற நிலக்கரிக் கப்பலும் மோதின. அறுநூறு பேருக்கு மேல் இறந்தார்கள். கடைசிக் கணத்தில் பைவெல் காசிலின் சுக்கானைப் பிழையான பக்கம் திருப்பியிருந்தார்கள்.

அடுத்த ஆண்டு மேன்முறையீட்டு நீதிமன்றம் என்ன சொன்னது தெரியுமா? மற்றவன் உண்டாக்கிய ஆபத்து முகத்துக்கு முன்னால் வந்து நிற்கும்போது, அந்தப் பதற்றத்தில் எடுத்த பிழையான முடிவைக் கவனயீனம் என்று சொல்ல முடியாது!

அறுநூறு உயிர் போன வழக்கில் நீதிபதிகள் அந்த மனிதப் பதற்றத்துக்கு இடம் கொடுத்தார்கள். நீ உனக்கு ஒரு அங்குலம் கொடுக்க மாட்டாயா?

தங்கச்சி, உனக்கும்தான். ஸ்கூட்டியில் போய் அடிபட்டாய். "பொம்பிளைப் பிள்ளையள் ஓடினா இப்பிடித்தான்" என்றார்கள். எந்தச் சட்டத்தில் இருக்கிறது அது? ஒரு நீதிபதி அதைத் தீர்ப்பில் எழுதுவாரா? பிறகு ஏன் நீ ஸ்கூட்டியை விற்றாய்?

இப்போது மற்றப் பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். கோபிக்காதே.

"என்னில ஒரு பிழையும் இல்லை. நூறு வீதமும் அவன்ர பிழை!" என்று நெஞ்சில் அடிப்பவர்களும் உண்டு. அதுவும் பயம்தான். தன் முப்பதைப் பார்க்கப் பயம்.

அந்தப் பயம் வழக்கைக் கொல்லும். 40 கிலோமீற்றரில்தான் வந்தேன் என்று கூண்டில் சத்தியம் செய்வாய். வீதியில் கிடந்த ரயர் அடையாளம் வேறு கதை சொல்லும். அந்த ஒரு பொய்யில் உன் உண்மைகளும் சேர்ந்து மூழ்கும். எதிர்ப்பக்கச் சட்டத்தரணி காத்திருப்பது அதற்குத்தானே!

உன் பங்கை நீயே சொல். நிமிர்ந்து நின்று சொல். "ஓம், வேகம் கொஞ்சம் கூடத்தான். ஆனா அவர் நிக்காமல் ஏறினவர்." இதைச் சொல்பவனை யார் அசைப்பது?

சரி. வழக்கு என்றதும் உன் வாயில் என்ன வரும்?

"கோட்டுப் படி ஏறுற குடும்பமே நாங்கள்?"

சிரிப்பு வருகிறது! வேலிக் கதியால் ஒரு சாண் தள்ளிப் போனதற்குத் தலைமுறை தலைமுறையாக வழக்காடிய ஊர் இது. யாழ்ப்பாணத்தில் கோடு, மல்லாகத்தில் கோடு, சாவகச்சேரியில், பருத்தித்துறையில், ஊர்காவற்றுறையில் கோடு. அங்கெல்லாம் யார் போகிறார்கள்? வேற்றுக் கிரகத்தாரா?

ஒரு சாண் காணிக்குப் போராடிய பரம்பரை, முறிந்த காலுக்கு ஒரு கடிதம் எழுத வெட்கப்படுகிறதா?

"இதெல்லாம் விதி" என்கிறாய். விதியா சிக்னல் போடாமல் வந்தது? விதிக்கா சாரதி அனுமதிப்பத்திரம் கொடுத்தார்கள்?

"ஓடினவன் பாவம், ஒண்டும் இல்லாதவன்." சரி. வாகனம் யாருடையது? முதலாளியின் வேலையாக ஓடினானா? அப்படியென்றால் முதலாளியும் பொறுப்பு. மூன்றாந்தரப்புக் காப்புறுதி இல்லாமல் இந்த நாட்டில் வாகனம் ஓட்டவே சட்டம் விடாது. ஒன்றுமில்லாத சாரதிக்குப் பின்னால் யார் யார் நிற்கிறார்கள் என்று பார்த்தாயா?

"இடிச்சவன் நிக்காமல் போட்டான்." அதற்கும் ஒரு படலை இருக்கிறது. அடையாளம் தெரியாத வாகனத்தாலும் காப்புறுதி இல்லாத வாகனத்தாலும் பாதிக்கப்பட்டவர்களுக்கு நட்டஈடு கொடுக்க, வீதிப் பாதுகாப்புக்கான தேசிய சபையின் கீழ் ஒரு நிதியம் இருக்கிறது. தட்டிப் பார்த்தாயா?

"காசில்லை." சட்ட உதவி ஆணைக்குழு 1978 ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவானது. யாழ்ப்பாணத்திலும் அதற்கு அலுவலகம் இருக்கிறது. ஒரு நாள் போய் வாங்கில் இருந்து கேட்டாயா?

இனிச் சொல்வதைக் காதைத் தீட்டிக்கொண்டு கேள். இங்கேதான் எங்கள் ஆட்கள் விழுகிறார்கள். மோதி விழுந்ததைவிட மோசமாக விழுகிறார்கள்!

"பொலிஸ் வழக்குப் போட்டிருக்கு. அது முடியட்டும். பிறகு பாப்பம்."

எதைப் பார்க்கப் போகிறாய்?

நீதவான் நீதிமன்றத்தில் நடப்பது அரசுக்கும் சாரதிக்கும் இடையிலான வழக்கு. அவன் தண்டப்பணம் கட்டினால் அந்தக் காசு அரசுக்குப் போகும். உன் கைக்கு வராது!

உன் நட்டஈட்டு வழக்கு வேறு. அது மாவட்ட நீதிமன்றத்துக்குரியது. அதை நீதான் போட வேண்டும்.

எப்போது? 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலவிதிப்புக் கட்டளைச் சட்டம் சொல்கிறது: இரண்டு வருடம். விபத்து நடந்த நாளிலிருந்து இரண்டே வருடம்!

நீதவான் நீதிமன்றத்தில் தவணைக்குமேல் தவணை போகும். சாட்சி வரவில்லை, தவணை. சட்டத்தரணிக்கு வேறு வழக்கு, தவணை. நீ அதற்காகக் காத்திருப்பாய். மணிக்கூடு உனக்காகக் காத்திருக்காது!

இரண்டு வருடமும் ஒரு நாளும் கழித்து நீ மாவட்ட நீதிமன்றத்துக்கு வந்தால், எதிராளியின் சட்டத்தரணி உன் காயத்தைப் பார்க்க மாட்டார். பிழை யாருடையது என்று பேச மாட்டார். திகதியை மட்டும் காட்டுவார். அவ்வளவுதான்!

சட்டத்தில் வல்லவனிடம் தோற்பது வேறு. திகதியில் தோற்பது சோம்பல். அதற்கு மன்னிப்பே கிடையாது.

"பொலிஸ் வழக்கில அவனை விட்டுட்டினம். இனி என்ன செய்யிறது?"

நிறையச் செய்யலாம்! குற்றவியல் வழக்கில் நியாயமான சந்தேகத்துக்கு அப்பால் நிரூபிக்க வேண்டும். உன் வழக்கில் எது நடந்திருக்க வாய்ப்புக் கூட என்று காட்டினால் போதும். அங்கே தப்பியவன் இங்கேயும் தப்புவான் என்று யார் சொன்னது?

இன்னொரு நாள் கணக்கும் உண்டு. காப்புறுதிக் கம்பனியிடமிருந்து தீர்ப்புக் காசை அறவிட வேண்டும் என்றால், வழக்குப் போடுமுன்போ, போட்டு ஏழு நாளுக்குள்ளோ கம்பனிக்கு அறிவித்தல் போயிருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் கேட்பது அது. சட்டத்தரணி பார்த்துக்கொள்வார் என்று விடாதே. "அனுப்பியாச்சோ?" என்று கேள். வெட்கப்படாமல் இரண்டு தரம் கேள்!

வாக்குமூலம் கொடுத்தாயே, ஞாபகம் இருக்கிறதா? எந்த மொழியில் எழுதினார்கள்?

"சிங்களத்தில எழுதினவை. கையெழுத்து வை எண்டினம். வைச்சன்."

ஏன் வைத்தாய்? வடக்கில் தமிழ் நிர்வாக மொழி. அரசியலமைப்பிலேயே இருக்கிறது. வாசிக்கத் தெரியாத தாளில் உன் வாழ்க்கையை ஒப்புக்கொடுத்துவிட்டு வந்தாயே! அதில் "நான் வேகமாக வந்து மோதினேன்" என்று இருந்தால்? நாளைக்கு அதே தாளை உன் முகத்துக்கு முன்னால் நீட்டுவார்கள்.

பயந்தாய். அந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் சோதனைச் சாவடியில் நின்ற சமூகம் இது. சீருடையைக் கண்டால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அந்தப் பயத்துக்கு ஒரு காலத்தில் காரணம் இருந்தது. உயிரைக் காத்தது அந்தப் பயம்.

இன்றைக்கு அது உன் நட்டஈட்டைத் தின்கிறது!

"தமிழில எழுதுங்கோ. வாசிச்சுக் காட்டுங்கோ. பிறகு கையெழுத்து வைக்கிறன்." மூன்று வசனம். கண்ணாடிக்கு முன்னால் நின்று சொல்லிப் பழகு. குரல் நடுங்கினால் நடுங்கட்டும். நடுங்கிக்கொண்டே சொல்!

கையெழுத்து வைக்கக் கூடாத இன்னொரு தாளும் உண்டு. வீட்டுக்கே வரும். சிரித்த முகத்தோடு வரும்.

"அண்ணை, கோடு கச்சேரி எண்டு ஏன் அலைவான்? இந்தாங்கோ, பேசித் தீர்ப்பம்."

பேசித் தீர்ப்பதில் பிழை இல்லை. நல்லதே! ஆனால் அந்தத் தாளில் "முழுமையானதும் இறுதியானதுமான தீர்வு" என்று ஒரு வரி இருக்கும். அதில் கையெழுத்து வைத்தால் நாளைக்குக் காலில் இரண்டாவது சத்திரசிகிச்சை வந்தாலும் நீ வாய் திறக்க முடியாது.

காயம் முழுக்க ஆறியதா? வைத்தியர் கடைசி அறிக்கை தந்தாரா? எத்தனை மாதம் வேலைக்குப் போகவில்லை? எண்ணி முடிக்குமுன் ஏன் பேனையைத் தூக்குகிறாய்?

சாட்சியத்தைத் தேடு! மோதிய இடத்துப் படம் எடுத்தார்களா? சந்திக் கடைகளில் கமெரா இருக்கிறதே, பதிவைக் கேட்டாயா? அது அழியுமுன் கேட்க வேண்டும். பொலிஸ் கீறிய வரைபடம், சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை, மோட்டார் வாகனப் பரிசோதகர் பிறேக்கைப் பார்த்து எழுதியது, மருந்துச் சிட்டை, முறிவு வைத்தியருக்கு எண்ணெய் கட்டப் போன செலவு. ஒரு ஃபைல் வாங்கு. எல்லாம் அதற்குள் போகட்டும்.

நிரூபிக்கும் பாரம் வழக்காளியில். உன்னில்! நீ அழுவதைப் பார்த்து நீதிபதி இரங்கலாம். இரக்கத்தை வைத்துத் தீர்ப்பு எழுத அவருக்கு அதிகாரம் இல்லை.

வாகனத்தை ஓட்டியவனே, நீயும் நில். உன்னையும் சும்மா விடமாட்டேன்.

இடித்தாய். கூட்டம் சேர்ந்தது. அடி விழும் என்று பயந்தாய். மிதித்துக்கொண்டு பறந்தாய்!

வீதியில் கிடந்தவர் யார்? உன் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தால்? சட்டம் உன்னிடம் கேட்பது பெரிதல்ல. நிறுத்து. உதவு. பொலிஸுக்குச் சொல். இதைச் செய்தவன் நீதிபதிக்கு முன்னால் மனிதனாக நிற்பான். ஓடியவன் தன் பக்க நியாயத்தையும் வீதியிலேயே எறிந்துவிட்டு ஓடுகிறான்!

கவனயீனத்தால் உயிர் போனால் தண்டனைச் சட்டக்கோவையின் 298 ஆம் பிரிவில் ஐந்து வருடம் வரை சிறை. அதற்குப் பயப்படு. ஆனால் அந்தப் பயத்தை அக்சிலேற்றரை மிதிக்குமுன் படு. இடித்த பிறகு பட்டு என்ன பயன்?

"பிழையை ஒத்துக்கொள்ளாதே எண்டு காப்புறுதிக்காரர் சொல்லியிருக்கினம்." தெரியும். ஒப்பந்தத்தில் அப்படி நிபந்தனை இருக்கும். நடந்ததைச் சொல், தீர்ப்பைச் சொல்லாதே! "நான் இடப்பக்கம் வந்தன், இந்த இடத்தில அவரைக் கண்டன், பிறேக் பிடிச்சன்." யாருக்கு எத்தனை வீதம் என்பதை நீதிமன்றம் பார்க்கும். உண்மை சொல்வதற்கு எந்தக் கம்பனியும் தடை போட முடியாது.

அடுத்த சாட்டு வருகிறது. வரட்டும்.

"தமிழ்நாடு எண்டால் வாகன விபத்துக்கெண்டே தனித் தீர்ப்பாயம் இருக்கு. ரொறன்ரோ எண்டால் பிழை ஆற்றை எண்டாலும் காசு வரும்."

உண்மைதான். இந்தியாவில் 2022 ஏப்ரலிலிருந்து, பிழையை நிரூபிக்காமலே மரணத்துக்கு ஐந்து இலட்சம், பாரிய காயத்துக்கு இரண்டரை இலட்சம் இந்திய ரூபா கேட்கலாம். ஒன்ராறியோவில் யார் பிழை என்பதைப் படம் கீறியே விதியாக்கி வைத்திருக்கிறார்கள், காப்புறுதிக் கம்பனிகள் தங்களுக்குள் சண்டை பிடிக்காமல் இருக்க. நியூசிலாந்து 1974 இல் பிழை என்ற கேள்வியையே காயத்துக்கான நட்டஈட்டிலிருந்து எடுத்துவிட்டது.

எங்களுக்கும் அப்படி ஒரு ஏற்பாடு வேண்டும். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2016 இலும் 2017 இலும் இந்த நாட்டு வீதிகளில் ஆண்டுக்கு மூவாயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். மாவட்ட நீதிமன்றத்தில் காணி வழக்குக்குப் பின்னால் வரிசையில் நிற்க வேண்டியவர்களா அவர்களுடைய பிள்ளைகள்?

ஆனால் நீ இருப்பது கொடிகாமத்தில்! உன் கால் முறிந்தது ஏ9 வீதியில். உன் கையில் இருப்பது ஒல்லாந்தர் 1658 இல் யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்தபோது கொண்டுவந்த உரோமன் டச்சுச் சட்டமும், அதன்மேல் கட்டிய கட்டளைச் சட்டங்களும். காணிக்குத் தேசவழமை, காயத்துக்கு இது. இருக்கிற ஆயுதத்தை எடு! இல்லாத ஆயுதத்துக்காக அழுதுகொண்டிருந்தால் இரண்டு வருடம் ஓடிவிடும்.

"தோத்தால்?"

தோற்பாய். தோற்கலாம். அதனால் என்ன?

யாழ்ப்பாணத்தில் குடியியல் மேன்முறையீட்டு மேல் நீதிமன்றம் இருக்கிறது. தீர்ப்பு வந்து பதினான்கு நாளுக்குள் மேன்முறையீட்டு அறிவித்தல், அறுபது நாளுக்குள் மனு. கதவு இருக்கிறது, திகதியும் இருக்கிறது.

தோல்வி என்றால் என்னவென்று ஒரு தகப்பனிடம் கேள். வீதி விபத்து இல்லை, வைத்தியக் கவனயீன வழக்கு. ஆனால் இதே தவறியல் சட்டம்தான். 1992 இல் மகளை இழந்தார். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் 50 இலட்சம் ரூபா வென்றார். மேன்முறையீட்டில் தொகை குறைந்தது. 2001 இல் உயர் நீதிமன்றத்தில் எல்லாமே போயிற்று! வைத்தியரின் பெயரால், பிரியானி சொய்சா வழக்கு என்று சட்ட மாணவர்கள் இன்றைக்கும் படிக்கிறார்கள்.

மரணத்துக்குக் காரணம் அந்தக் கவனயீனம்தான் என்ற தொடர்பு நிறுவப்படவில்லை. பிள்ளையை இழந்த துக்கத்துக்குப் பழைய சட்டத்தில் விலையும் இல்லை.

அவர் வீணாகவா போராடினார்? அந்த வழக்கு எங்கள் சட்டத்தில் இருந்த ஓட்டையை நாடறியக் காட்டியது. 2019 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கச் சட்டம் வந்தது. பிறர் பிழையால் உயிர் போனால், இழந்த அன்புக்கும் அரவணைப்புக்கும் குடும்பம் இன்று நட்டஈடு கேட்கலாம்!

அவர் அன்று தோற்ற இடத்தில் நீ இன்று நிற்கிறாய். நின்றுகொண்டு "ஏலாது" என்கிறாயா?

ஏலாதா? யாருக்கு ஏலாது?

1990 இல் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் இல்லை. உன் அப்பா மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டினார்! கிளாலிக் கடலில் இருட்டில் படகேறிப் போய் வந்தார்கள். 1995 ஒக்ரோபர் 30 இரவு, மழைக்குள், வலிகாமமே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தது. நீ அடிபட்ட அதே ஏ9 கண்டி வீதியால்! கிழவிகளைச் சைக்கிள் கரியரில் வைத்துத் தள்ளினார்கள்.

அந்த வீதியில் நடந்தவர்களின் பிள்ளை நீ. ஒரு பொலிஸ் நிலையத்துக்குப் போய் ஒரு பிரதி கேட்க உனக்கு ஏலாதா?

கால் இனிப் பழையபடி வராமல் போகலாம். நான் பொய் சொல்லப் போவதில்லை. வழக்கு வென்றாலும் அந்த எலும்பு பழைய எலும்பு ஆகாது. ஆனால் காசு வந்தால் பிசியோதெரபிக்குப் போகலாம். லீசிங் கட்டி முடிக்கலாம். கடை ஒன்று போடலாம். தங்கச்சியின் படிப்பு நிற்காது. இது பிச்சையா? உன்னுடைய எழுபது!

வா. இப்போதே செய்.

கலண்டரை எடு. விபத்து நடந்த திகதியில் பேனையால் வட்டம் போடு. இரண்டு வருடத்தைக் கூட்டு. எத்தனை நாள் மிச்சம்?

பதினெட்டு மாதமா? பயப்படாதே, ஆனால் நித்திரை கொள்ளாதே. மூன்று மாதமா? நாளைக்கே சட்டத்தரணியைப் பார். மூன்று கிழமையா? செருப்பைப் போடு, இப்பவே போ!

பொலிஸ் நிலையத்தில் முறைப்பாட்டின் பிரதிக்கு எழுது. "பிறகு வாங்கோ" என்றால் எப்போது என்று கேட்டு எழுதிக்கொண்டு வா. இழுத்தடித்தால் 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது, அதன் கீழ் ஒரு விண்ணப்பம் கொடு. ஊன்றுகோலோடு போக வேண்டி வந்தால் ஊன்றுகோலோடு போ. ஓட்டோக்காரர் எங்கே என்று கேட்டால் கச்சேரிக்கு என்று மழுப்பாதே. கோட்டுக்கு என்று சொல்!